அவள் தூங்கிய பக்கங்கள்

...நான் படித்தது ஐந்தாவதுதான், அதுவும் முழுசாக இல்லை, இந்தப் பேராசிரியர் எட்டாவது என்கிறார், மைக் கையில் இருக்கிறவருக்கு மூன்று வகுப்பு கூட்டிப் போட என்ன கஷ்டம், போட்டுக்கொள்ளட்டும், நான் எழுந்து போய்த் திருத்தப் போவதில்லை. திருத்தித் திருத்தியே போன வருஷம் போய்விட்டது. என்னைப் பற்றித் தாளில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கிறார், "வியர்வையில் முளைத்த எழுத்து" என்கிறார், வியர்வையில் என்ன முளைக்கும், வேர்க்குருதான் முளைக்கும். இந்த நாற்காலிக்குப் பின்கால் ஒன்று குட்டை. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது, எடையை இடதுபக்கம் தள்ளிக்கொண்டால் ஆடாது, பேராசிரியர் நாற்காலியும் அப்படித்தான், அவர் இது தெரியாமல் பேச எழுந்திருக்கும்வரை ஆடிக்கொண்டே இருந்தார். நூலகத்து மாடி. ஏறி வரும்போதே படிக்கட்டைப் பார்த்துவிட்டேன், திருப்பத்தில் அகலம் போதாது, பெரிய பீரோ என்றால் நிமிர்த்தித்தான் ஏற்றவேண்டும், பழக்கம், எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் படிக்கட்டு, அப்புறம்தான் மனுஷர்கள். மனுஷர்களும் பரவாயில்லை, நாற்காலி முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது, முதல் நாவலுக்கு இவ்வளவு கூட்டம் வருவதில்லை என்று பதிப்பாளர் காதில் சொன்னார், வராமல் எங்கே போவார்கள், நல்ல நாவல். முன்வரிசையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுகிறார், பக்கத்தில் எடிட்டர் பெண், மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் என் மனைவி. மடியில் கைப்பை, அதன்மேல் என் புத்தகம், கவிழ்த்து வைத்திருக்கிறாள், பின்னட்டை மேலே தெரிகிறமாதிரி. வேண்டுமென்றே வைத்திருக்கிறாளா? வேண்டுமென்றேதான். பேராசிரியர் முடித்ததும் நான் எழுந்து பத்து நிமிஷம் படிக்கவேண்டும், எந்தப் பக்கம் என்று எடிட்டர் பெண் மஞ்சள் தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள், காலையில் கேட்டிருந்தால் அதையே படித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது எதைப் படிப்பது?

வீடு மாற்றுகிறவர்களின் சாமான் தூக்குகிற வேலைதான் வாழ்க்கை முழுக்கப் பார்த்தேன். ஒரு வீட்டில் ஏற்றி இன்னொரு வீட்டில் இறக்கி, கதவு நிலையில் கீறல் விழாமல் உள்ளே வைத்துவிட்டு வருகிற வேலை. அதில் முதல் பாடம் வாய்வார்த்தையை நம்பாமல் இருப்பது. "அதுல ஒண்ணுமில்லைங்க, லேசுதான்" என்பார்கள், தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். "உடையற சாமான் எதுவும் இல்லை" என்பார்கள், உள்ளே முழுக்கக் கண்ணாடி. ஏமாற்றவேண்டும் என்று சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை, தன் பெட்டியில் எது கனக்கிறது என்று எவனுக்குத் தெரியும்? அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன். மூலையைப் பிடித்து ஒரு அங்குலம் தூக்கினால் கை சொல்லிவிடும். பெட்டிகளிலேயே பெரிய மோசக்காரப் பெட்டி புத்தகப் பெட்டிதான், பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆளைச் சாய்த்துவிடும், ஒருகாலத்தில் புத்தகம் என்றாலே எனக்குக் கோபம் வரும். ஆனால் வீடு மாற்றுகிறவர்கள் வேண்டாம் என்று முதலில் வாசலில் விட்டுவிட்டுப் போவதும் அதைத்தான், குப்பையில் போட மனசு வராமல் நான் எடுத்துவருவேன், லாரியின் பின்னால் பீரோவில் சாய்ந்துகொண்டு, வண்டி ஆடுகிற ஆட்டத்தில் எழுத்து குதிக்கக் குதிக்கப் படிப்பேன். முன்பக்கம் கிழிந்தது, முடிவு இல்லாதது, எது கிடைத்தாலும். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. எல்லாரும் வீட்டுக்குள் நடப்பதை எழுதுகிறார்கள், வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவனை ஒருத்தனும் எழுதவில்லை. நான் எழுதினால் என்ன? முழங்கால் போய் வேலையை விட்ட பிறகு உட்கார்ந்தேன், எழுதினேன், அவ்வளவுதான். இதற்கு வியர்வை, வேர் என்று பேராசிரியர் ஏன் இத்தனை கஷ்டப்படுகிறார்...

எழுதுவது சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நாவலில் ஆள் இரண்டு பேர்தான், நெட்டை, தாடி. பீரோவை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு ஆயுசு முழுக்கப் படிக்கட்டு இறங்குகிறவர்கள். கீழ்முனைக்காரன் பின்பக்கமாக இறங்கவேண்டும், அவனுக்குப் படி தெரியாது, மேலே இருக்கிறவன் முகம்தான் அவனுக்குக் கண். இந்த இரண்டு பேருக்கும் ஒருநாள் பேச்சு அறுந்துபோகிறது, என்ன சண்டை என்று நான் சொல்லவே இல்லை, எடிட்டர் பெண் எத்தனையோ தடவை கேட்டாள், எனக்கே தெரியாது என்றேன். பேசாமலே வருஷக்கணக்காக ஒரே பீரோவைத் தூக்குகிறார்கள், அதுதான் நாவல். மனசில் இது ஒரே மூச்சில் இருந்தது, தாளில் வைத்ததும் நாற்காலி மேல் நாற்காலி, மேஜை மேல் மேஜை என்று நடக்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. எழுதத் தெரிந்தவர்கள் எதை வைப்பது என்று யோசிப்பார்களாம், எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன், லாரிக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு நின்றது. எதை இறக்குவது? யாரைக் கேட்பது? மாப்பிள்ளையிடம் ஒரு அத்தியாயம் கொடுத்தேன், "அருமை மாமா, அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது" என்றார், அவர் என் மகளைக் கட்டியவர், வேறென்ன சொல்வார், எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டேன், முதல் பக்கம் தாண்டவில்லை என்று தெரிந்துவிட்டது. அண்டைவீட்டு ஆசிரியர் நன்று என்று ஓரத்தில் டிக் அடித்துத் திருப்பித் தந்தார். பாராட்டைப்போல் நம்பமுடியாத சாமான் உலகத்தில் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கு வரைக்கும் அதைவிடக் கெட்டிக்கார யோசனை எனக்கு வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு மத்தியானம் என் மனைவி கட்டிலில் சாய்வாள், நான் ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு அன்றைக்கு எழுதியதைச் சத்தமாகப் படிப்பேன். ஒன்றும் கேட்கமாட்டேன். நல்லா இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் என்னத்தைச் சொல்வாள், புருஷன் மனசு நோகக்கூடாது என்று எதையாவது சொல்வாள். வாய் பொய் சொல்லும், தூக்கம் பொய் சொல்லாது. படிக்கிறபோது ஓரக்கண்ணால் பார்ப்பேன், அவள் கண் திறந்திருந்தால் அந்த இடம் நிற்கும். கண் மூடி, மூச்சு நீண்டு, வாய் கொஞ்சம் பிளந்துவிட்டால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் காலையில் அந்தப் பக்கம் கிழித்து அடுப்புக்கு. யோசிக்கவே மாட்டேன். எழுதுகிறவர்களுக்கு வெட்டுவதுதான் பெரிய வேதனையாம், பிள்ளையைக் கொல்கிறமாதிரியாம், இங்கே முன்வரிசையில் இருக்கிற ஒரு கவிஞர் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார், எனக்குச் சிரிப்பாக வந்தது. இரண்டாவது மாடியிலிருந்து இறக்கும்போது கயிறு அறுந்து விழுந்த சாமான்களை நான் எவ்வளவு பார்த்திருக்கிறேன். கிழிக்கும்போது எனக்கு ஜாலியாக இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. படிக்கட்டுத் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொள்கிற அத்தியாயம் ஒன்றுதான் கையில் கொஞ்சம் நின்றது. அதை எழுதியபோது எனக்கே மூச்சு வாங்கியது, அவ்வளவு நல்லா வந்திருக்கிறது என்று நினைத்தேன். படித்தேன். அவள் பாதியிலேயே கண்ணை மூடிவிட்டாள். அடுப்புக்குப் போயிற்று. தயவு பார்த்தால் முறை என்று எதற்குப் பெயர்?

எடிட்டர் பெண் கையில் போனபோது நாவல் பாதியாக இளைத்திருந்தது. அவள் அசந்துபோனாள். "ஐயா, சதையே இல்லாம எலும்பா இருக்கு, எப்படி ஐயா இவ்வளவு ஈவு இரக்கமில்லாம வெட்டினீங்க?" என்றாள், நான் முறையைச் சொன்னேன், பதிப்பாளர் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், "இதை வெளியில சொல்லணும்யா, இதுதான் புத்தகத்தைத் தூக்கிக் குடுக்கும்" என்றார். அப்புறம் எழுத்துப் பிழை, ஒரே வார்த்தை மூன்று தடவை, தாடிக்கு ஒரு பக்கத்தில் தாடி இல்லை, அதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள், சண்டை போட்டாள், நானும் போட்டேன். எழுதுவதைவிட, திருத்துவதைவிட விற்பதுதான் கூத்து. பதிப்பாளர் ஆபீசில் மாப்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு "மாமா, புத்தகத்தை நெஞ்சுல வைச்சுக்கிட்டு சிரிங்க" என்றார், சிரிக்கமாட்டேன் என்றேன், "அப்ப முறைங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார், முறைத்தேன், அந்தப் படத்தை ஊரே பார்த்ததாம். வானொலியில் ஒருத்தி கூப்பிட்டுப் பேசவைத்தாள், மனைவி தூங்கிய கதையை மட்டும் கேட்டுவிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டாள், எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. பெரிய புத்தகக் கடை ஒன்றில் என் நாவலைக் கழிவறைப் பக்கம் அடுக்கியிருந்தார்கள். நான் என்ன செய்தேன், குனிந்து மொத்தக் கட்டையும் தூக்கினேன், வாசலுக்கு எதிரே இருந்த மேஜையில் கொண்டுபோய் வைத்தேன், அங்கே இருந்த கட்டை கழிவறைப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன், கடைக்காரப் பெண் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். சாமானை நிதானமாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனை உலகத்தில் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார்கள், இது எனக்குத் தெரியும், மற்ற எழுத்தாளர்களுக்குத் தெரியாது. ஆக எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இன்றைக்குச் சாயங்காலம் காரில் ஏறும்வரை.

கடைக்கெல்லாம் போன புத்தகம் எங்கள் கைக்கு இன்றுதான் வந்தது. பதிப்பாளர் கார் அனுப்பி, அதிலேயே நாலு பிரதி வைத்து அனுப்பியிருந்தார். என் மனைவி ஒன்றை எடுத்தாள், முகர்ந்து பார்த்தாள், திருப்பினாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதில் என்ன போட்டிருக்கிறது என்று நான்தான் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது, மனைவி தூங்கிய பக்கங்களையெல்லாம் கிழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை நாவலாக்கியவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "என்னங்க, இது யாரு, இந்தத் தூங்கின மனைவி?" நீதான், வேற யாரு, எனக்கென்ன நாலு பேரா இருக்காங்க என்றேன். "நான் எப்பங்க தூங்கினேன்?" டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். தினமும்தான் தூங்கினே, மத்தியானம் நான் படிக்கிறப்ப வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குவியே என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "கண்ணை மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன். தொறந்து வைச்சிருந்தா உங்க மூஞ்சியையில்ல பாத்துக்கிட்டு இருக்கணும்? புருவத்தைத் தூக்கித் தூக்கிப் படிப்பீங்க, எனக்குச் சிரிப்புதான் வரும், கதையில எங்க மனசு போகும்? ரொம்பப் பிடிச்சுதுன்னா கண்ணை மூடிக்குவேன்." கார் நூலகத்துக்குள் திரும்பியது. "அப்ப எனக்குப் பிடிச்சதையெல்லாம் அடுப்புல போட்டுட்டு, பிடிக்காததைப் புத்தகமா போட்டிருக்கீங்க. அதைச் சொல்ல என் பேரு வேற. அந்த ஒரு இடமாவது இருக்கும்னு நெனைச்சேன்" என்றாள், அதற்குள் எடிட்டர் பெண் ஓடிவந்து அவள் பக்கக் கதவைத் திறந்து "வாங்கம்மா, உங்களைப் பாக்கத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சிரித்தாள்.

அந்த ஒரு இடம். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவை இல்லை, அந்த நாவலில் ஒரு இடம் என்று சொன்னால் அது படிக்கட்டுத் திருப்பம்தான். ஆனால் அவள் சொல்வதை நம்புவதா? தூங்கினவன் எவன் தூங்கினேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான்? லாரி ஓட்டிக்கொண்டே தூங்கியவன்கூட யோசித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொன்னான். ஊர் முன்னால் தூங்குமூஞ்சி என்று பேர் வந்துவிட்டதே என்று இப்படிச் சொல்கிறாளோ? இருக்கலாம். இருக்கலாம்தான், ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அவள் கண்ணை மூடியிருக்கும்போது கால் கட்டைவிரல் ஆடும். போர்வைக்கு வெளியே அந்த ஒரு விரல் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்துக்கொண்டேதான் கோடு போட்டிருக்கிறேன். தூங்குகிறவளுக்கு விரல் ஆடுமா? கண்ணையும் வாயையும் பார்த்தேனே, காலைப் பார்த்தும் பார்க்காமல் விட்டது யார், நான்தானே... சரி, அப்படியே வைத்துக்கொள்வோம், அவள் சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் இந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கங்கள். அதைத்தான் எலும்பு என்கிறாள் எடிட்டர், அதைத்தான் செறிவு என்கிறார் பேராசிரியர். எனக்கு அது மோசம் என்று தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை, நல்ல நாவல்தான், நான் தூக்கிப் பார்த்துவிட்டேன், கனம் இருக்கிறது. ஆனால் அதைவிட நல்லதை எரித்திருக்கிறேனா?

சிரிக்கிறார்கள். பேராசிரியர் அந்தக் கதைக்கு வந்துவிட்டார். "நம் ஐயாவின் முதல் விமர்சகர் ஒரு வார்த்தையும் பேசாதவர், குறட்டை மட்டும் விடுவார்" என்கிறார், குறட்டையை நான் எங்கேயும் சொல்லவில்லை, அவரே போட்டுக்கொள்கிறார். கூட்டம் முழுக்கச் சிரிக்கிறது. பதிப்பாளர் திரும்பி அவளைக் கைகாட்டுகிறார், எல்லாரும் கழுத்தைத் திருப்புகிறார்கள், யாரோ போனைத் தூக்கிப் படம்கூட எடுக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும், உதடு மட்டும் போய்த் திரும்பி வரும். புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். இனி இந்தப் புத்தகம் எத்தனை அச்சுப் போகிறதோ அத்தனை அச்சிலும் அவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள், நூலகத்தில் தூங்குவாள், ரயிலில் போகிறவன் மடியில் தூங்குவாள், நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் தூங்குவாள். நான் செய்த காரியம். பீரோவை இடித்திருந்தால் பாலிஷ் போட்டுக் கொடுத்துவிடலாம், அச்சில் போனதை என்ன செய்வது? பதிப்பாளரிடம் சொன்னால் அடுத்த அச்சில் பார்ப்போம் என்பார், பார்க்கமாட்டார், விற்கிற வாசகத்தை எவன் எடுப்பான். எனக்குக் கையில் இருப்பது இந்தப் பத்து நிமிஷம்தான். மஞ்சள் தாள் ஒட்டிய பக்கம் இருக்கிறது, அதைப் படித்தால் கைதட்டுவார்கள். அதையா படிப்பது?

கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்தேன், நாற்காலி ஆடியது, பேராசிரியர் மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார், நான் மறுபடி ஏற்றினேன். புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தேன். எடிட்டர் பெண் முன்வரிசையிலிருந்து பக்கத்தைக் காட்டி விரலை ஆட்டினாள், நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். "நான் படிக்கப் போறது இந்தப் புத்தகத்துல இல்லை" என்றேன், "இது கிழிச்சுப் போட்டது. என் வீட்டுக்காரி தூங்கலை, கண்ணை மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா, எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். பின்னட்டையில இருக்கறது தப்பு. எழுதினவனே சொல்றேன், யாரும் அதை நம்பாதீங்க." சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிப்பேர் சிரித்தார்கள். பதிப்பாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். நான் ஆரம்பித்தேன். தாள் இல்லை, தாள் எதற்கு, நான் எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்குத் தலைக்குள் அடுக்கி வைத்தமாதிரி இருக்கிறது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் பீரோ சிக்கிவிடுகிறது, மேலே தாடி, கீழே நெட்டை, நெட்டையின் தோளில் மொத்தக் கனமும் இறங்கிவிட்டது. "கொஞ்சம் தூக்கு" என்று அவன் சொல்லவேண்டும், சொன்னால் போதும், பேசுவதில்லை என்று இருக்கிறானே, எப்படிச் சொல்வது. சொல்லாமல் நிற்கிறான். மேலே இருக்கிறவனும் கேட்காமல் நிற்கிறான். வீட்டுக்காரர் கீழேயிருந்து என்னய்யா ஆச்சு, என்னய்யா ஆச்சு என்று கத்துகிறார். நெட்டையின் வியர்வை படியில் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. தாடி அந்தச் சத்தத்தை எண்ணுகிறான். பிறகு யார் முதலில் மூச்சை இழுத்தார்கள் என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கிறார்கள், பீரோ அரை சாண் எழும்புகிறது, திரும்புகிறது, இறங்குகிறது.

கூட்டம் அசையவில்லை. கவிஞர் வாயைத் திறந்தபடி இருந்தார். எனக்கு அது எப்படி வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது, மெழுகு தடவிய தரையில் மேஜை நகர்கிறமாதிரி வந்தது, இதைப்போய் அடுப்பில் போட்டவன் நான், ஆனாலும் திருப்பி எடுத்துவிட்டேன் பார், யாருக்கு முடியும்? நடுவில் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். கண்ணை மூடியிருப்பாள் என்று பார்த்தேன். திறந்திருந்தது. நன்றாக, அகலமாகத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் பார்க்கிறார்களே, இவள் இப்போது கண்ணை மூடினால் மறுபடி தூங்குகிறாள் என்பார்களே, அதற்குத்தான் திறந்து வைத்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை, என்று சொல்லிக்கொண்டு மேலே போனேன், முடித்தேன். தட்டினார்கள். கொஞ்சம் பேர் எழுந்து நின்றும் தட்டினார்கள். எடிட்டர் பெண் மேடைக்கே ஏறி வந்து "ஐயா, இதை ஏன் ஐயா என்கிட்ட காட்டவே இல்லை" என்று கிட்டத்தட்ட அழுதாள், பதிப்பாளர் அடுத்த அச்சு, சேர்த்து, புது அட்டை என்று என்னென்னவோ சொன்னார், கையெழுத்துக்கு வரிசை நின்றுவிட்டது. நான் வரிசையைக் கடந்து இறங்கி அவளிடம் போனேன்.

அவள் கைப்பையின் வாரைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்தாள், இவ்வளவு நேரம் அப்படியேவா மேடையில் நின்றேன், ஒருத்தனும் சொல்லவில்லையே. "எப்படி இருந்துச்சு?" என்றேன். அந்த வார்த்தையை இவளிடம் சொல்வது இதுதான் முதல் தடவை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, இவளிடம் எதைப் பற்றியும், நாவல் என்று இல்லை, எதைப் பற்றியும். அவளுக்கும் உறைத்திருக்கவேண்டும், காலரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. மூச்சு முட்டுச்சு. எல்லார் முன்னாடியும் எனக்காகச் சொன்னீங்க பாருங்க, அதுவும் நல்லா இருந்துச்சு. ஆனா நான் கேட்டது இது இல்லைங்க." எது இல்லை? "நான் சொன்ன இடம் இது இல்லை. இதுல பாதியில எனக்கு நெசமாவே கண்ணு சொக்கிடுச்சு அன்னைக்கு." வரிசையில் முதலில் நின்றவர் என் பின்னாலேயே வந்து பேனாவை நீட்டினார், இருங்க என்றேன். அப்ப எது? "அதாங்க. சாமானெல்லாம் எறக்கி வைச்சுட்டு ரெண்டு பேரும் ஒரு வீட்டு வாசல்ல நிப்பாங்களே, பேசிக்காம, ஆளுக்கு ஒரு பக்கம். அந்த வீட்டுக்காரி தண்ணி கொண்டுக்கிட்டு வருவாளே, ரெண்டு டம்ளர். ஆளுக்கு ஒண்ணு குடுக்காம ரெண்டையும் நெட்டை கையிலயே குடுத்துட்டு அவ பாட்டுக்கு உள்ள போயிடுவாளே. அவன் ரெண்டு கையிலயும் டம்ளரை வைச்சுக்கிட்டு நிப்பான். குடிக்கவும் முடியாது, கீழ வைக்கவும் மனசு வராது. தாடி தெருவையே பாத்துக்கிட்டு நிப்பான், திரும்பமாட்டான்..." அவள் நிறுத்தினாள். அப்புறம், என்றேன். "அப்புறம் என்னன்னு என்னைக் கேட்டா? எழுதினது நீங்க."

நான் எழுதவில்லை. என் நாவலில் பொம்பளையே கிடையாது, அதற்காக எடிட்டர் பெண் என்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள், பீரோ தூக்கற எடத்துல பொம்பளைக்கு என்ன வேலைன்னு கேட்டு அவள் வாயை அடைத்திருக்கிறேன். எரித்த பக்கங்களிலும் கிடையாது, ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், டம்ளர் கிடையாது, வாசல் கிடையாது. கடைசிவரை அந்த இரண்டு பேரையும் பேசவைக்க எனக்கு வழி தெரியாமல்தான் பேசாமலே முடித்தேன், தெரியாததைப் பேராசிரியர் இன்று திறந்த முடிவு என்று மெச்சினார். அப்படியானால் தூங்கித்தான் இருக்கிறாளா, தூங்கிக் கனவு கண்டதையா நான் படித்தேன் என்கிறாள்? இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நான் படித்ததை விட்டுவிட்டு வேறொன்றைத் தானாகவே கட்டிக்கொண்டிருந்தாளா, அத்தனை மத்தியானமும்? நான் எழுதி மறந்துவிட்டேனோ... நானா, மறப்பதா. பேனா மறுபடி நீண்டது, "ஐயா, என் மகள் பேருக்குப் போடுங்க" என்றார் அவர், பேர் சொன்னார், எழுதினேன், எதையோ எழுதினேன். இரண்டு டம்ளரிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நெட்டை அசையாமல் நிற்கிறான். தாடி திரும்புவானா, மாட்டானா? நான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள், அவளுக்குத் தெரியும் போலத்தான் இருந்தது.